கைப்பட ஒரு சம்மதம்

ஜனவரி 6

அன்புள்ள அண்ணிக்கு,

இங்கே என் உடம்புக்குப் பெரிய குறை ஒன்றும் இல்லை. இருமல் மட்டும் காலி செய்ய மறுக்கும் வாடகைக்காரர் மாதிரி உட்கார்ந்திருக்கிறது. நீயும் அண்ணனும் எப்படி இருக்கிறீர்கள்? மரியாதையெல்லாம் கவரின் மேலே எழுதிவிட்டேன், உள்ளே எதிர்பார்க்காதே. ஊருக்குத்தான் நீ அண்ணி. எனக்கு இன்னமும் தர்க்க வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்து என் பேனா மூடியைக் கடித்துத் துப்பியவள்தான்.

விஷயத்துக்கு வருகிறேன். நம் பெண்ணியத் தத்துவச் சங்கத்துக்குச் செயற்குழுத் தேர்தல் வந்துவிட்டது. என்னைத் தேர்தல் அலுவலராகப் போட்டிருக்கிறார்கள். நூலகத்தில் வேலை பார்க்கிறவள், எதையும் ஒழுங்காக அடுக்குவாள் என்று நினைப்பு. அதே தையல் கடைக்கு மேலே இருக்கும் அறையில்தான் முதல் கூட்டம் நடந்தது. கீழே மெஷின் கடகடவென்று ஓட, மேலே பதவியின் பெயர் ‘தலைவர்’ என்று இருக்க வேண்டுமா, ‘தலைவி’ என்று இருக்க வேண்டுமா என்று பொழுது போயிற்று. எதைச் சொன்னாலும் முதலில் அர்த்தம் சொல்லச் சொல்லும் நம் ‘வரையறை’ எழுந்து, தலைவி என்றால் பாட்டில் காத்திருக்கிறவள், தலைவர் என்றால் கையெழுத்துப் போடுகிறவர், எது வேண்டும் என்று கேட்டார். கையெழுத்துப் போடுகிறவரே போதும் என்று முடிவாயிற்று.

அந்தக் கையெழுத்தை நீ போட வேண்டும் என்பது எல்லோருடைய விருப்பம். பெரிய தத்துவப் பேரவை நம்மைத் தன் ‘மகளிர் பிரிவு’ ஆக்கிக்கொள்ளப் பார்க்கிறது. கிளைகளில் பாதிப் பேர் தலையாட்டிவிட்டார்கள். நீ தலைவராகி ஒவ்வொரு கிளைக்கும் நேரில் போய்ப் பேசினால்தான் சங்கம் சங்கமாக நிற்கும். வேறு யார் போனாலும் டீ குடித்துவிட்டு அனுப்பிவிடுவார்கள்.

போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் சங்க விஷயம் எழுத்தில்தான் என்று சட்டம் போட்டவள் நீ. ஏழாம் விதியும் உன்னுடையதுதான். ஒருவர் பெயரை முன்மொழிந்தால் அவர் தன் கைப்படச் ‘சம்மதம்’ என்று எழுதித் தர வேண்டும், பேசாமல் இருந்தால் மறுத்ததாகவே கொள்ள வேண்டும். மார்ச் நடுவில் கெடு. சீக்கிரம் எழுதி அனுப்பு.

அண்ணனை விசாரித்ததாகச் சொல்.

வாலு


ஜனவரி 24

அன்புள்ள வாலுவுக்கு,

நாங்கள் இருவரும் இருக்கிறோம். இருமலுக்கு ஊரில் இருக்கும் எல்லா மருந்தையும் ஒரே நாளில் குடிக்காதே. உன்னை எனக்குத் தெரியும்.

உன் கடிதத்தை முதலில் நின்றபடி படித்தேன். பிறகு சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு இன்னொரு தடவை படித்தேன். ஆசையாக இருக்கிறது வாலு, ஒளிக்காமல் சொல்கிறேன். கல்லூரியில் மாலை போட்டு வீட்டுக்கு அனுப்பிய பிறகு என்னை யாரும் எதற்கும் கூப்பிட்டதில்லை. காய்கறிக்காரர் மட்டும் கூப்பிடுகிறார். கிளைகளில் போய் என்ன பேசலாம் என்று பாத்திரம் கழுவும்போது யோசித்துப் பார்த்தேன். அருமையாகப் பேசினேன், குழாய்தான் கேட்டது.

அண்ணன் நன்றாகச் சாப்பிடுகிறார். போன வாரம் வீட்டுச் சாவியைக் காணோம் என்று வீட்டையே புரட்டிப் போட்டோம். கடைசியில் சர்க்கரை டப்பாவில் இருந்தது. “சாவிக்கும் கொஞ்சம் இனிப்பு வேணாமா?” என்றார். நானும் சேர்ந்து சிரித்தேன். மறுநாள் அதே டப்பாவில் அவருடைய பல் பிரஷ் இருந்தது. அதற்குச் சிரிப்பு வரவில்லை.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். அப்பாவுக்கு அந்த மறதி முதலில் எப்படி ஆரம்பித்தது? கூட இருந்தவள் நீதான். நினைவிருந்தால் எழுது. சம்மதம் பற்றி அதற்குப் பிறகு எழுதுகிறேன்.

அண்ணி


பிப்ரவரி 5

அன்புள்ள அண்ணிக்கு,

உன் கடிதம் வந்த அன்று எனக்குக் கால் தரையில் இல்லை. ஆசை என்று எழுதிவிட்டாய், பாதிக் கிணறு தாண்டியாயிற்று. ஆனால் ஆசையைச் சம்மதக் கணக்கில் எழுத முடியாது, விதி விடாது. ‘சம்மதம்’ என்ற அந்த ஒரு சொல் வேண்டும்.

செயலாளர் பதவிக்கு மூன்று பேர் முண்டியடிக்கிறார்கள். பொருளாளர் என்றதும் எல்லோரும் சுவரில் தொங்கும் காலண்டரைப் பார்க்கிறார்கள். எந்த வாக்கியத்தையும் ‘ஆனால்’ என்றே தொடங்கும் நம் ‘ஆனால் அம்மா’வைச் செயற்குழு உறுப்பினராகக் கேட்டோம். “ஆனா எனக்குச் சம்மதம்தான்” என்றார். கைப்பட எழுதும்போதும் அப்படியேதான் எழுதியிருக்கிறார். அந்த ஆனாலை வைத்துக்கொண்டு அது சம்மதமா இல்லையா என்று இன்னொரு கூட்டம் நடந்தது.

அண்ணனை நினைத்துக் கவலைப்படாதே. ஒரு காலில் தன் செருப்பும் இன்னொரு காலில் என் செருப்புமாகப் பள்ளிக்கூடம் போனவர் அவர். மறதி அவருக்குப் பிறவிச் சொத்து.

உன் உடம்பைப் பார்த்துக்கொள். இந்த வருடம் நீ எங்களுக்கு வேண்டியவள்.

வாலு


பிப்ரவரி 19

அன்புள்ள வாலுவுக்கு,

நீ சுகமாக இருப்பாய் என்று நம்பி நேராகத் தொடங்குகிறேன். போனில் சொல்ல முடியவில்லை. போனை எடுத்தால் அவர் பக்கத்தில் வந்து நின்றுகொண்டு யாரு, யாரு என்று கேட்கிறார்.

டாக்டரிடம் அழைத்துப் போனேன். அப்பாவுக்கு வந்ததேதான். டாக்டர் தலையைப் படம் எடுத்துப் பார்த்துவிட்டு என்னிடம் மட்டும் பேசினார். அண்ணன் அங்கேயே உட்கார்ந்திருந்தார், அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. இது ஓரிரு வருடமாகவே இருந்திருக்க வேண்டும் என்றார். எனக்கும் உள்ளூரத் தெரியும். சிரித்துச் சிரித்து மழுப்பிக்கொண்டிருந்தேன், உன்னிடமும் என்னிடமும்.

போன வாரம் முடிவெட்டிக்கொள்ளப் போனவர் திரும்பி வரவில்லை. தேடிக்கொண்டு போனால் பஸ் நிலையத்தில் நிற்கிறார். வேலையில் இருந்த காலம் முழுக்க அந்த நிலையத்துக்கு நேர அட்டவணை போட்ட மனிதர், எங்கள் தெருப் பக்கம் எந்த பஸ் போகும் என்று நடத்துநரிடம் கேட்டுக்கொண்டிருந்தார். நடத்துநருக்கு அவரை நன்றாகத் தெரியும். விளையாட்டுக்குக் கேட்கிறார் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்தார். நான் அங்கேயே நின்று அழுதேன்.

இப்போது நான் கேட்க வேண்டியதைக் கேட்கிறேன். எனக்குத் தேர்தலில் நிற்க வேண்டும். உனக்காக இல்லை, சங்கத்துக்காகக்கூட முழுதாக இல்லை, எனக்காக. தலைவர் மாதத்தில் பாதி நாளாவது வெளியூர்க் கிளைகளில் இருக்க வேண்டும். அந்தப் பாதி நாள் அவர் உன் வீட்டில் இருக்கலாமா? வேலைக்கு ஒரு அம்மாவை வைத்துப் பார்த்தேன். அண்ணன் கையை ஓங்கிவிட்டார், அந்த அம்மா அன்றே போய்விட்டார். எங்களுக்குப் பிள்ளை இல்லை, இருந்தால் அங்கே கேட்டிருப்பேன். அவர் உன் பேச்சு என்றால் கேட்பார். என்னையே சில சமயம் வாலு என்று கூப்பிடுகிறார். உனக்கு இது பழக்கமும்கூட. அப்பாவை நீ பார்த்துக்கொண்ட பக்குவம் நம் வீட்டில் வேறு யாருக்கும் வராது.

நீ சரி என்றால் என் சம்மதம் அடுத்த தபாலில் வரும்.

அண்ணி


மார்ச் 21

அன்புள்ள அண்ணிக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. நூலகத்தில் வருடாந்தரச் சரிபார்ப்பு, தும்மித் தும்மி மூக்கு சிவந்துவிட்டது. நீ எப்படி இருக்கிறாய்?

அண்ணன் விஷயம் படித்தேன். மனசே சரியில்லை. நல்ல டாக்டராகத் தொடர்ந்து பார். கதவுக்கு இன்னொரு தாழ்ப்பாளை மேலே உயரத்தில் போடச் சொல், மறதி வந்தவர்கள் கீழேதான் தேடுவார்கள். குளிப்பாட்டும்போது தண்ணீரை முதலில் காலில் ஊற்று. தலையில் ஊற்றினால் பயந்துபோவார்கள், அந்தப் பயத்தில்தான் கை ஓங்குவது. சாப்பாட்டுத் தட்டு வெள்ளையாக இருந்தால் சோறு இருப்பதே தெரியாது, நிறத் தட்டு வாங்கு. பகலில் பார்த்துக்கொள்ளும் இல்லம் ஏதாவது உங்கள் ஊரில் இருக்கிறதா என்று விசாரி.

இனி சங்க விஷயம். பேரவையிலிருந்து இரண்டு பேர் வந்து நம் அறையைச் சுற்றிப் பார்த்தார்கள். ஒருவர் நாற்காலிகளை எண்ணினார். இணைந்துவிட்டால் மின்விசிறி போட்டுத் தருவதாகச் சொன்னார். காற்று வாங்க வேண்டுமென்றால் மொட்டை மாடி இருக்கிறது என்று ‘வரையறை’ சொல்லிவிட்டார். எல்லோரும் சிரித்தோம், ஆனால் அவர்கள் போனதும் நாங்களும் ஒரு தடவை நாற்காலிகளை எண்ணிப் பார்த்தோம். இரண்டு கிளைகள் ஏற்கெனவே பேரவைக்குக் கடிதம் எழுதிவிட்டன என்று கேள்வி. வாக்குச்சீட்டு அச்சாகப் போகிறது, முதல் பெயருக்கான இடத்தைக் காலியாக விட்டு வைத்திருக்கிறேன். இதழுக்கு நீ எழுதிய பழைய கட்டுரைகளை எல்லாம் எடுத்துத் தூசி தட்டி அடுக்கினேன். பராமரிப்பு என்பது அன்பு மட்டும் இல்லை, அது உழைப்பு என்று முதலில் எழுதியவள் நீதான். இங்கே படித்தவர்கள் எல்லோரும் அதைத்தான் திருப்பித் திருப்பிச் சொல்கிறார்கள்.

உன் சம்மதத்துக்குக் காத்திருக்கிறேன். உடம்பு முக்கியம்.

வாலு


மார்ச் 30

அன்புள்ள வாலுவுக்கு,

தும்மல் நின்றதா? மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு வேலை பார்.

நீ சொன்னபடி தண்ணீரைக் காலில் ஊற்றினேன். அன்றைக்குச் சண்டை இல்லை. பச்சைத் தட்டு வாங்கினேன், முழுதும் சாப்பிட்டார். இவ்வளவு தெரிந்தவள் இவ்வளவு நாள் ஒன்றும் சொல்லவில்லையே என்று நினைத்தேன். நீ சொன்ன மாதிரி பகல் இல்லம் ஒன்று இங்கே இருக்கிறது. போய்ப் பார்த்தேன். கை ஓங்குகிறவரைச் சேர்க்க மாட்டார்களாம்.

பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறாய் வாலு. நான் கேட்டதற்கு மட்டும் பதில் இல்லை. மறந்துவிட்டாயோ என்று முதலில் நினைத்தேன். மறந்தவரோடு தினமும் இருக்கிறேன், மறதி எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். இது அது இல்லை.

ஏழாம் விதி ஏன் வந்தது என்று உனக்குத் தெரியும். சங்கம் தொடங்கிய முதல் கூட்டத்தில் மூலையில் பேசாமல் உட்கார்ந்திருந்த ஒரு பள்ளி ஆசிரியையை நாமே பொருளாளர் என்று அறிவித்துக் கைதட்டினோம். வருடம் முடிந்து விலகும்போது, “என்னை யாருமே கேக்கலையே, கைதானே தட்டினீங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த வெட்கத்தில் எழுதிய விதி அது. அதனால் உன்னிடம் முறையாகவே மறுபடி கேட்கிறேன். மாதத்தில் பாதி நாள் அவர் உன்னோடு இருக்கலாமா? முடியாது என்றால் முடியாது என்று எழுது. கோபித்துக்கொள்ள மாட்டேன். சம்மதம் என்று எழுதிய தாள் மேசைமேல் தயாராக இருக்கிறது.

அண்ணி


ஏப்ரல் 16

மதிப்புக்குரிய உறுப்பினர் அவர்களுக்கு,

வணக்கம். தாங்கள் நலமுடன் இருப்பீர்கள் என நம்புகிறோம்.

நம் சங்கத்தின் தலைவர் பதவிக்குத் தங்கள் பெயர் முறைப்படி முன்மொழியப்பட்டது. குறித்த கெடுவுக்குள் தங்கள் கைப்பட எழுதிய சம்மதம் வந்து சேரவில்லை. எனவே ஏழாம் விதிப்படி தாங்கள் மறுத்ததாகக் கொண்டு, தங்கள் பெயர் வேட்பாளர் பட்டியலிலிருந்து விலக்கப்படுகிறது.

தங்கள் உண்மையுள்ள,
தேர்தல் அலுவலர்

அண்ணி, எல்லோருக்கும் அனுப்பும் வாசகம் இது, தப்பாக எடுத்துக்கொள்ளாதே. கெடுவை இரண்டு தடவை தள்ளிப் போட்டேன், அதற்குமேல் மற்றவர்கள் விடவில்லை. வேறு ஆள் இல்லாமல் கடைசி நேரத்தில் என் பெயரைச் சொல்லிவிட்டார்கள். தேர்தல் அலுவலர் வேலையை இன்றோடு ‘வரையறை’யிடம் ஒப்படைத்துவிட்டு, சம்மதம் எழுதிக் கொடுத்துவிட்டேன். அண்ணனைக் கவனமாகப் பார்த்துக்கொள்.


ஏப்ரல் 27

அன்புள்ள வாலுவுக்கு,

சௌக்கியமாக இரு. உனக்கு என் வாழ்த்து, மனசாரச் சொல்கிறேன். கிளைகளில் பேசும்போது வேகமாகப் பேசாதே, மூச்சு வாங்கும். எதிரே கொட்டாவி விடுகிறவர்களைப் பார்க்காதே. பேரவைக்காரர்கள் மின்விசிறி பற்றிப் பேசினால் விதிகளைப் பற்றிப் பேசு, அவர்களுக்கு அது பிடிக்காது.

நீ அனுப்பிய கடிதத்தில் ‘தாங்கள்’ என்று இருந்தது. நீ என்னைத் தாங்கள் என்று எழுதி முதல் தடவையாகப் பார்க்கிறேன். நன்றாக இல்லை.

என் கேள்விக்கும் பதில் வரவில்லை. நம் விதிப்படி அதை மறுப்பு என்றே எடுத்துக்கொண்டேன். எழுதியவள் நான், குறை சொல்ல எனக்கு வாயில்லை. ஆனால் வலிக்கிறது. சம்மதம் எழுதியிருந்த தாளின் பின்பக்கத்தில் அவருடைய மாத்திரை நேரங்களை எழுதி, சமையலறைச் சுவரில் ஒட்டிவிட்டேன். நல்ல தாள், வீணாக்க மனசு வரவில்லை.

ஒரு தப்பு செய்துவிட்டேன். நீ சரி என்பாய் என்ற தைரியத்தில், வாலு வீட்டுக்குப் போகலாம் என்று அவரிடம் முன்பே சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும் மறக்கிறவர் இதை மட்டும் மறக்கவில்லை. காலையில் எழுந்ததும் ஒரு பையில் சட்டையும் துண்டும் எடுத்து வைத்துக்கொண்டு, எப்போது கிளம்புவது என்று கேட்கிறார். நாளைக்கு என்கிறேன். மத்தியானம் அவர் தூங்கும்போது பையைப் பிரித்து எல்லாவற்றையும் அலமாரியில் திருப்பி வைக்கிறேன். ஒரு காலத்தில் பொய் சொல்லலாமா என்று வகுப்பெடுத்தவள் நான்.

இதை உன்னைக் குத்திக்காட்ட எழுதவில்லை. வேறு யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை.

அண்ணி


ஜூலை 2

அண்ணி,

நலம் என்று எழுதித் தொடங்கப் பார்த்தேன், பேனா போகவில்லை. நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கவும் கூச்சமாக இருக்கிறது. இரண்டு மாதமாக உன் கடிதம் என் கைப்பையில் இருக்கிறது.

தேர்தலில் ஜெயித்துவிட்டேன். ‘ஆனால் அம்மா’கூட ஆனால் போடாமல் வாழ்த்தினார். எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். தண்ணீர் குடிக்கப் போகிறேன் என்று படியில் இறங்கித் தையல் கடை வாசலில் நின்றுகொண்டிருந்தேன்.

அப்பா விழுந்த அன்றைக்கு மருத்துவமனை வராந்தாவில் நாம் மூன்று பேரும் நின்றது உனக்கு நினைவிருக்கிறதா? டாக்டர் இனி ஒருவர் எப்போதும் கூடவே இருக்க வேண்டும் என்றார். அண்ணன் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், “வாலு இருக்கா சார், அவ பாத்துப்பா” என்றார். நீ தலையாட்டினாய். நான் ஒன்றும் பேசவில்லை. நான் பேசாததைச் சரி என்று எடுத்துக்கொண்டு அந்த வாரமே இருவரும் ரயில் ஏறிவிட்டீர்கள்.

அந்தச் சமயத்தில்தான் நீ சங்கத்துக்கு விதிகள் எழுதிக்கொண்டிருந்தாய். ஏழாம் விதியை எனக்கு முதலில் அனுப்பி, எப்படி இருக்கிறது என்று கேட்டிருந்தாய். அப்பாவின் படுக்கைத் துணியை அலசிப் போட்டுவிட்டு ஈரக்கையோடு பிரித்துப் படித்தேன். நன்றாக இருக்கிறது என்று பதில் எழுதினேன். நன்றாகத்தான் இருந்தது.

ஒன்பது வருடம் அண்ணி. என் ஆய்வேட்டை எந்த இடத்தில் விட்டேன் என்பதே எனக்கு மறந்துபோயிற்று. சங்கத்தில் முனைவர் பட்டம் இல்லாதவள் நான் ஒருத்திதான், அதை வைத்து நானே ஜோக் அடிப்பேன், மற்றவர்கள் அடிப்பதற்கு முன்னால். அப்பா கடைசியில் என்னை அம்மா என்று கூப்பிட்டார். கடித்தார், துப்பினார், ஒரு நாள் என் முடியைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. தங்கமான பெண் என்று தெருவே சொன்னது. அவர் போன அன்று எனக்கு அழுகை வரவில்லை, தூக்கம்தான் வந்தது. வந்தவர்களெல்லாம் கூடத்தில் இருக்க, உள்ளே போய்ப் படுத்துத் தூங்கிவிட்டேன். துக்கத்தில் மயங்கிவிட்டாள் என்று நீ எல்லோரிடமும் சொன்னாயாம்.

‘உனக்கு இது பழக்கம்’ என்று எழுதியிருந்தாய். அந்த வரிக்குப் பிறகு எனக்குக் கை ஓடவில்லை. பழக்கம் இல்லை அண்ணி, பயம். தாழ்ப்பாளும் தட்டும் பற்றி உனக்கு எழுதிய அன்று எனக்கு அந்த வீட்டு வாசனை மூக்கில் வந்துவிட்டது.

அண்ணன்மேல் எனக்குப் பாசம் இல்லாமல் இல்லை. அவர் பை கட்டுகிறார் என்று படித்துவிட்டு அலுவலகக் கழிப்பறையில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். சரி, அனுப்பு என்று பல தடவை எழுதி, எழுதிக் கிழித்தேன். நான் சரி என்றிருந்தால் இன்று நீ இந்த நாற்காலியில் இருப்பாய். அது தெரிந்தேதான் உட்கார்ந்திருக்கிறேன். எனக்கும் ஆசை இருந்தது அண்ணி. உன் பெயரை முதலில் சொன்ன நாளிலும் இருந்தது.

அன்றைக்கு என்னை யாரும் கேட்கவில்லை. நீ இந்தத் தடவை இரண்டு முறை கேட்டாய். கேட்டவளுக்குப் பதில் சொல்லாமல் இருந்தது அநியாயம். அதனால் என் கைப்பட எழுதுகிறேன். எனக்குச் சம்மதம் இல்லை. மாட்டேன்.

வாலு


ஜூலை 20

அன்புள்ள வாலுவுக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது? நான் நடமாடிக்கொண்டிருக்கிறேன்.

உன் கடிதம் வந்தது. கோபமே இல்லை என்று சொன்னால் பொய். இருந்தது. யார்மேல் என்று தெரியாமல் பாத்திரங்கள்மேல் காட்டினேன், ஒரு குக்கர் மூடி போயிற்று. பிறகு அந்த வராந்தாவை நினைத்துப் பார்த்தேன். நான் தலையாட்டியது எனக்கு நினைவே இல்லை வாலு. அதுதான் என்னை அதிகம் பயமுறுத்துகிறது, எனக்கு நோயும் இல்லை. உன் பதிலை ஏற்றுக்கொள்கிறேன். இனிமேல் கேட்க மாட்டேன்.

உன் முதல் உரையை இதழில் படித்தேன். நான் பேசியிருந்தால் இன்னும் காரமாகப் பேசியிருப்பேன். ஆனால் நீ பேசியதைத்தான் கிளைகளில் கேட்பார்கள் என்று தோன்றியது. படித்து முடித்தபோது பொறாமையாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது. எது கூட என்று கேட்காதே.

அவருக்குத் தினமும் பேப்பர் வாசித்துக் காட்டுகிறேன். புரிகிறதோ இல்லையோ, ஒரு குரல் ஓடிக்கொண்டிருந்தால் அமைதியாக இருக்கிறார். நேற்றுப் பேப்பர் வரவில்லை, அவர் நிலைகொள்ளாமல் அங்கும் இங்கும் நடந்தார். கையில் கிடைத்த உன் கடிதத்தை எடுத்து வாசித்தேன். நம் பெயர், உறவு எதுவும் சொல்லவில்லை. ஒரு ஊரில் ஒரு பெண், அவளுடைய அப்பா என்று கதை மாதிரி சொன்னேன். உட்கார்ந்து கேட்டார். முடியைப் பிடித்த இடம் வந்ததும் தன் தலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

முடித்ததும், “பாவம். அந்தப் பொண்ணுக்குக் கூடப் பொறந்தவங்க யாரும் இல்லையா?” என்றார்.

ஒரு அண்ணன் உண்டு என்றேன்.

“அண்ணன் இருந்துமா இப்படி விட்டான்?” என்று கேட்டார். அவருக்கு அவ்வளவு கோபம் வந்து நான் பார்த்து நாளாயிற்று. நாற்காலிக் கையைத் தட்டினார். என்னிடமும் கொஞ்சம் கோபப்பட்டார், நான் ஏதோ அவனுக்குப் பரிந்து பேசுவது போல. கொஞ்ச நேரம் கழித்து, “அவன் இப்ப எங்க இருக்கான்?” என்றார்.

“இங்கதான் இருக்கார்” என்றேன்.

அறையை ஒரு தடவை சுற்றிப் பார்த்தார். “வந்தா என்னைக் கூப்பிடு. நான் பேசறேன் அவன்கிட்ட” என்றார்.

கூப்பிடுகிறேன் என்று சொல்லிவிட்டு, தப்பாகப் போட்டிருந்த சட்டைப் பொத்தானைச் சரி செய்தேன்.

அண்ணி